பகடையும் பேரேடும்: றொபேட் கூவரின் கற்பனைப் பேஸ்போல் சங்கம் பற்றிய ஒரு மதிப்பீடு

விளையாட்டைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்கள் நமது திறனாய்வாளரின் கவனத்தைப் பெரும்பாலும் பெறுவதில்லை. விளையாட்டு ஓய்வுநேரத்துக்கு உரியது, ஓய்வுநேரம் உழைப்பின் எச்சம், எனவே விளையாட்டைப் பற்றிய எழுத்தும் எச்சமே என்றவாறான ஓர் எண்ணம் சொல்லாமலே நம்மிடையே நிலவி வருகிறது. முற்போக்குத் திறனாய்வு இவ்வெண்ணத்தை ஐயுற்று நோக்கியிருத்தல் வேண்டும். அவ்வாறு நோக்காததோடன்றிச் சில வேளைகளில் அதனை வலியுறுத்தியும் வந்துள்ளது. இக்கட்டுரையாசிரியனும் இதற்கு விலக்கல்லன். ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் நாவலை முதன்முறை வாசித்தபோது, தனியறையிலே பகடை உருட்டும் ஒரு மனிதனின் கதை, வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் இன்னொரு புலம்பல், என்று அதனை ஒதுக்கிவிட்டேன். அத்தீர்ப்பு அவசரமானது என்பதை மீள்வாசிப்பு உணர்த்திற்று. அது எங்கே பிழைத்தது, எவ்வளவு தூரத்துக்குப் பிழையன்று என்பதைக் கூறுதலே இங்கு நோக்கமாகும்.

றொபேட் கூவர் 1932இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே பிறந்து 2024இல் மறைந்தவர். 1966இல் வெளிவந்த அவரது முதல் நாவல், சுரங்க வெடிவிபத்து ஒன்றின் பின் ஒரு மதக்குழு தோன்றும் கதையைக் கூறுவது. 1977இல் வெளிவந்த பெரும் நாவலோ 1953இல் றோசன்பேர்க் தம்பதியர் கொல்லப்பட்டதை ஓர் அரசு நடத்திய பொதுக் கூத்தாகக் காட்டுவது. இவ்விரண்டுக்கும் இடையிலே, 1968இல், வெளிவந்ததே நமது ஆய்வுக்குரிய நாவல். அதன் பெயர் நீண்டது. தமிழிலே அதனை 'அனைத்துலகப் பேஸ்போல் சங்கம், கூட்டிணைக்கப்பட்டது, உரிமையாளர் ஜே. ஹென்றி வோ' எனலாம். ஒரு கடையின் பெயர்ப்பலகையை ஒத்த இப்பெயரிலே ஒரு முரண்பாடு உறைந்திருக்கிறது. கூட்டிணைக்கப்பட்ட நிறுவனம் பலருக்கு உரியது. உரிமையாளர் என்பவரோ ஒருவர். ஆயிரக்கணக்கான வீரர்களையும் அவர்தம் வரலாற்றையும் கொண்ட ஒரு சங்கத்துக்குத் தனியொருவர் உரிமையாளராக இருத்தல் எவ்வாறு என்ற வினாவை நாவலின் அட்டையே எழுப்பிவிடுகிறது.

பேஸ்போல் நமக்குப் பழக்கமற்ற ஆட்டம். கிறிக்கெற் அறிந்த வாசகர் அதன் அடிப்படையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வோர் இன்னிங்ஸிலும் மூவர் ஆட்டமிழந்ததும் முறை மாறும். ஆகவே எதிரணியின் 27 துடுப்பாட்ட முறைகளையும், ஒருவரைத்தானும் முதற் தளத்தை அடையவிடாது, வரிசையாக முடித்துவிடும் எறிவாளர் 'பூரண ஆட்டம்' ஆடியவர் எனப்படுவர். இது மிக அரிது. அமெரிக்கப் பெரும் லீக்குகளின் உலகத் தொடரிலே இதனைச் செய்தவர் ஒரேயொருவர். 1956இல் நியூயோர்க் யாங்கீஸ் அணிக்காக ஆடிய டொன் லாசன். இன்னொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. பேஸ்போலின் ஆட்டக் குறிப்பேட்டை வகுத்தமைத்த ஹென்றி சட்விக் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரிலே 1824இல் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, கிறிக்கெற் செய்தியாளராகப் பணியாற்றியவர். கிறிக்கெற்றின் ஓட்டப் பட்டியலே பேஸ்போல் குறிப்பேட்டின் முன்மாதிரி. ஆடுபவனின் ஒவ்வொரு செயலையும் எண்ணாக மாற்றி நிரலிலே பதியும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிக அலுவலகத்திலிருந்து மைதானத்துக்கு வந்தது என்று கொள்வதிலே தவறில்லை.

நிற்க. கதை இதுதான். ஹென்றி வோ ஐம்பத்தாறு வயதுடைய தனியன். ஒரு கணக்காளர் நிறுவனத்திலே கணக்கனாகப் பணிபுரிகிறான். இரவிலே, உணவுக்கடையொன்றின் மேலுள்ள தன் அறையில், மூன்று பகடைகளைக் கொண்டு தானே வகுத்த பேஸ்போல் ஆட்டத்தை ஆடுகிறான். எட்டு அணிகள். ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு, குடும்பம் உண்டு. ஓய்வுபெற்றோர் முதுமையடைகின்றனர், காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவன போன்ற இறப்பு அட்டவணைகளைக் கொண்டு யார் எப்போது இறப்பர் என்பதையும் பகடையே தீர்மானிக்கிறது. சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு, கட்சிகள் உண்டு, தேர்தல் உண்டு. ஆட்ட முடிவுகள் மட்டுமன்றி அணிகளின் வரவுசெலவு, செய்திக் கட்டுரைகள், வீரர்களைப் பற்றிய நாட்டார் பாடல்கள் என யாவற்றையும் ஹென்றி பெரிய ஏடுகளில் எழுதி வைக்கிறான். நாவல் தொடங்கும்போது சங்கம் தன் 56ஆவது ஆண்டின் போட்டிப் பருவத்தை ஆடிக்கொண்டிருக்கிறது. மூன்று பகடைகள் தரக்கூடிய சேர்மானங்களும் 56. ஹென்றியின் வயதும் அதுவே. ஆய்வேடு எழுதுவோருக்கு உவப்பான செய்தி. நமக்கு அதனாலாகும் பயன் சிறிது.

அப்பருவத்திலே பயனியர்ஸ் அணியின் புதுமுக எறிவாளனான டேமன் றதபோட், ஹேமேக்கர்ஸ் அணிக்கு எதிராகப் பூரண ஆட்டம் ஆடுகிறான். அவன் பழம்பெரும் வீரனொருவனின் மகன். ஹென்றிக்கு இவ்வெற்றி புத்துயிர் அளிக்கிறது. களைப்பும் சலிப்பும் நிறைந்திருந்த அவனது சங்கம் மீண்டும் பொருளுடையதாகிறது. அடுத்து நிக்கர்பொக்கர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். டேமன் துடுப்பாட வருகிறான். எறிபவன் ஜொக் கேசி. ஒன்று, ஒன்று, ஒன்று என்று பகடைகள் விழுகின்றன. மீண்டும் அவ்வாறே விழ, ஹென்றி 'அசாதாரண நிகழ்வுகள்' என்ற அட்டவணையை எடுக்கவேண்டியவனாகிறான். அங்கும் அதே மூன்று ஒன்றுகள். அட்டவணை கூறுகிறது: துடுப்பாட்டக்காரன் தலையிற் பந்து தாக்கி இறந்தான்.

மூன்று பகடைகளும் ஒன்றையே காட்டும் வாய்ப்பு ஓர் உருட்டலுக்கு 216இல் ஒன்று. அது அடுத்தடுத்து நேர்வது நினைத்தற்கரியது. ஆயினும் அட்டவணையை எழுதியவன் ஹென்றியே. அவ்வரியை அதிலே சேர்த்தவன் அவனே. இவ்விடத்திலேதான் நாவலின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

அமெரிக்கத் திறனாய்வாளர் பலர் இந்நாவலை இறையியல் உருவகமாகவே வாசித்து வந்துள்ளனர். ஜே. ஹென்றி வோ என்னும் பெயரின் எழுத்துக்களைச் சுருக்கினால் எபிரேய வேதத்தின் கடவுட்பெயரான யாவே என்பதன் நான்கு மெய்யெழுத்துக்கள் கிடைக்கின்றன. ஏழு அத்தியாயங்களிற் படைப்பு. எட்டாவதிலே படைத்தவன் இல்லை. நண்பனின் பெயர் லூ ஏங்கல். அதிலே தேவதூதனைக் குறிக்கும் சொல் ஒலிக்கிறது. பின்வந்தோர், இது நாவல் எழுதுதலைப் பற்றிய நாவல், ஆசிரியனுக்கும் பாத்திரத்துக்குமான உறவே இதன் பொருள் என்றனர். இவை பிழையான வாசிப்புகள் அல்ல; கூவர் வேண்டுமென்றே வைத்த திறப்புகளைக் கொண்டு அவர் பூட்டிய கதவுகளைத் திறப்பன. ஆயின் கதவைத் திறந்தவர்கள் உள்ளே இருப்பவனைப் பார்த்தார்களா என்பது ஐயத்துக்குரியது. உள்ளே இருப்பவன் கடவுளாவதற்கு முன்னர் ஒரு கணக்கன்.

ஹென்றி பணிபுரியும் நிறுவனத்தின் முதலாளியர் மூவருள் கதையிலே நாம் காண்பவர் ஸிபர்பிளாற். ஜேர்மன் மொழியிலே அச்சொல் கடிகார முகப்பைக் குறிக்கும். அவர் நேரந் தவறாதவர். ஊழியர் நேரந் தவறுவதையும் பொறாதவர். ஹென்றி பகல் முழுவதும் பிறருடைய கொள்வனவுகளையும் கடன்களையும் இலாபங்களையும் ஏடுகளிற் பதிகிறான். அவ்வெண்களுக்கும் அவனுக்கும் எவ்வித உறவும் இல்லை. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலே மார்க்ஸ் விளக்கிய அந்நியமாதலுக்கு, தொழிற்சாலையை விட்டு அலுவலகத்திலிருந்து எடுத்துக்காட்டுத் தருவதாயின் இதனிலும் சிறந்த ஒன்றைக் காண்டல் அரிது. இதுவரை எவரும் கூறக்கூடியதே. கூவரின் நுண்மை அடுத்த அடியில் உள்ளது. அலுவலகத்தை விட்டு வீடு திரும்பும் ஹென்றி அங்கு செய்வது என்ன? மீண்டும் கணக்கு எழுதுகிறான். அதே ஏடு, அதே நிரல், அதே கூட்டல். தப்பியோடுபவன் கடலுக்கோ காட்டுக்கோ ஓடவில்லை; தன் தொழிலுக்குள்ளேயே ஓடுகிறான். கணக்கன் கனவு காணும்போதும் கணக்கையே காண்கிறான்.

முதல் வாசிப்பிலே யான் தவறவிட்டது இதனையே. இது வெறும் தப்பித்தல் அன்று. பகலில் எழுதும் எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதை அறிய ஹென்றிக்கு வழியில்லை. இரவில் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதன் இருக்கிறான். அவனுக்குத் தந்தையும் முழங்கால் வலியும் பொறாமையும் உள்ளன. எண்ணை மனிதனிடம் மீட்டுச் சேர்க்கும் முயற்சி என்று அவனது சங்கத்தைக் கூறலாம். மனிதருக்கிடையிலான உறவுகள் பொருள்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றங்கொள்வதை லூக்காச் 1923இல் 'வரலாறும் வர்க்க உணர்வும்' என்னும் நூலிலே விரித்துரைத்தார். ஹென்றி அம்மாற்றத்தைத் தலைகீழாக நிகழ்த்த விழைகிறான். ஆனால் தனியாக, ஓர் அறைக்குள்ளே, பிறர் எவரும் அறியாமல். லூ ஏங்கலை ஒரு நாள் ஆட்டத்துக்கு அழைக்கும்போது அம்முயற்சி எவ்வளவு இரங்கத்தக்க முடிவை அடைகிறது! லூவுக்கு அது பகடையாட்டம் மட்டுமே. இறந்தவனுக்காக ஏன் இவ்வளவு துயரம் என்பது அவனுக்கு விளங்கவில்லை. இறுதியில் அவன் கைபட்டுப் பியர் ஏடுகளின்மேற் கொட்டுகிறது. நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் இது ஒன்று. நகைப்பும் அவலமும் ஒரே வாக்கியத்திலே கலந்து நிற்கும் எழுத்து இது. உருவக விளக்கக்காரர் இப்பகுதியைக் கடந்து செல்லும் வேகம் வியப்புக்குரியது.

டேமனின் இறப்பின்பின் ஹென்றி அலுவலகத்திற் பிழைகள் செய்கிறான். வேலை கைநழுவும் நிலை ஏற்படுகிறது. சங்கத்தையே எரித்துவிடலாமா என்று எண்ணுகிறான். எஞ்சிய ஆட்டங்களை அவன் ஆடுவது துக்கத்துடனன்று, வன்மத்துடன். கேசி தோற்கவேண்டும் என்று விரும்புகிறான்; பகடையோ கேசியின் பக்கம் நிற்கிறது. நியாயம் வேண்டுபவனுக்குச் சட்டம் செவிசாய்ப்பதில்லை. ஈற்றில், பயனியர்ஸ் அணியின் பிடிப்பாளனான றொய்ஸ் இங்கிறம் துடுப்பாடி நிற்க, கேசி எறிந்து நிற்க, ஹென்றி பகடைகளைத் தன் கையாலேயே எடுத்து ஒவ்வொன்றாக மேசைமீது வைக்கிறான்: ஆறு, ஆறு, ஆறு. அட்டவணையின்படி, அடிக்கப்பட்ட பந்து எறிவாளனைத் தாக்க அவன் இறக்கிறான்.

இவ்விரண்டு இறப்புகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். முதலாவது சட்டப்படி நிகழ்ந்தது; அதற்கு எவரும் பொறுப்பல்லர். சுரங்கம் சரிந்தபோதும் கொதிகலன் வெடித்தபோதும் கூறப்படும் அதே விடை: விபத்து, வாய்ப்பு, எவர் குற்றமுமன்று. அட்டவணையிலே அவ்வரியை எழுதி வைத்தவர் யார் என்று கேட்கப்படுவதில்லை. இரண்டாவது, நீதியின் பெயரால், உரிமையாளரின் கையால் நிகழ்ந்தது. ஆனால் ஏட்டில் அதுவும் முதலாவதைப் போலவே பதியப்படுகிறது. பகடை விழுந்ததா வைக்கப்பட்டதா என்பதைப் பேரேடு அறியாது. சங்கத்தின் வீரர் எவரும் அறியார். எட்டாம் அத்தியாயத்திலே நூறு ஆண்டுகள் கடந்து 157ஆம் ஆண்டுக்கு வருகிறோம். ஹென்றி அங்கே இல்லை. டேமனின் நாள் ஒரு சடங்காகிவிட்டது. புதுமுக வீரர்கள் டேமனாகவும் கேசியாகவும் வேடமேற்று அவ்வாட்டத்தை மீள நிகழ்த்த நியமிக்கப்படுகின்றனர். அவ்வாறு நியமிக்கப்பட்டவன் உண்மையிலேயே கொல்லப்படுவானோ என்ற அச்சமும் அவர்களிடையே உலவுகிறது. டேமன் உண்மையில் வாழ்ந்தானா, கேசி துரோகியா தியாகியா, எல்லாம் பிற்காலத்தோர் புனைந்ததா என்று கட்சி கட்டி வாதிடுகின்றனர். ஏட்டிலே மறைக்கப்பட்ட ஒரு கைத்தவறின்மேல் ஒரு மதமே எழுந்துவிட்டது. கருத்துநிலை எவ்வாறு உருவாகிறது என்பதைக் கோட்பாட்டு நூலொன்று இத்துணைத் தெளிவாக விளக்குமோ என்பது எனக்கு ஐயமே. முதல் நாவலிலே சுரங்க விபத்திலிருந்து மதம் பிறந்தது. இங்கே ஏட்டு மோசடியிலிருந்து பிறக்கிறது. இவ்வளர்ச்சி குறிப்பிடத்தக்கது.

இனி, நாவலின் எல்லைகளை நோக்குவோம். சங்கத்தின் அணிப்பெயர்கள் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவிலிருந்து எடுக்கப்பட்டவை. நிக்கர்பொக்கர்ஸ் என்பது 1845இல் நியூயோர்க்கில் அமைந்த கழகத்தின் பெயர். எக்செல்சியர்ஸ் புறூக்ளினைச் சேர்ந்தது. பணத்துக்காக ஆடாத கனவான்களின் பெயர்கள், ஊதியத்துக்கு ஆடும் வீரர்களின் சட்டைகளிலே பொறிக்கப்பட்டுள்ளன. வெளிப்படையாகவே ஊதியம் கொடுத்து ஆட்களைச் சேர்த்த முதல் அணி 1869இல் சின்சினாற்றியில் உருவாயிற்று. 1876இல் தேசிய லீக் அமைந்தது. 1879இலேயே அணி முதலாளிகள் தம்முள் உடன்பட்டு, ஒரு வீரனை அவன் விருப்பத்தைக் கேளாமலே ஆண்டுதோறும் தம்மிடம் தக்கவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தனர். 1922இல் உயர் நீதிமன்றம் பேஸ்போலை ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் வரம்புக்கு அப்பால் வைத்தது. சென். லூயிஸ் அணியின் கறுப்பின வீரர் கேட் பிளட் தம்மை வேறோர் அணிக்கு மாற்றியதை 1969இல் ஏற்க மறுத்து வழக்காடினார், 1972இல் தோற்றார். நடுவர் தீர்ப்பொன்றினால் அவ்வேற்பாடு உடைந்தது 1975இன் இறுதியிலேதான்.

கூவரின் நாவல் வெளிவந்த 1968ஆம் ஆண்டிலேயே பேஸ்போல் வீரர் சங்கம், மார்வின் மில்லரின் தலைமையில், அவ்விளையாட்டின் முதலாவது கூட்டு ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஆகக் குறைந்த ஆண்டு ஊதியம் 6,000 டொலரிலிருந்து 10,000 டொலராக உயர்ந்தது. ஒரே ஆண்டிலே 'சங்கம்' என்ற சொல்லுக்கு இரு பொருள்கள்! மில்லரின் சங்கம் வீரர்களுடையது. ஹென்றியின் சங்கம் உரிமையாளருடையது. பின்னதிலும் கட்சிகள் பூசலிடுகின்றன. ஆனால் அப்பூசல் படிப்படியாக மெய்ப்பொருள் பற்றிய வாதமாகத் தேய்ந்துவிடுகிறது. அட்டவணையைத் திருத்தவேண்டும் என்று எந்த வீரனும் கோருவதில்லை. அவர்களுக்கு அட்டவணை இருப்பதே தெரியாது எனலாம். அது ஆசிரியர் எடுத்த முடிவு. அம்முடிவுக்கும் நாம் பொருள் காணவேண்டும்.

உண்மை வரலாற்றிலே டேமனுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1920 ஓகஸ்ற் 16இல் கிளீவ்லன்ட் அணியின் றே சப்மன், யாங்கீஸ் எறிவாளர் கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையிற் தாக்கி மறுநாள் இறந்தார். மேஸ்மீது வழக்குத் தொடரப்படவில்லை, அவர் 1929 வரை ஆடினார், வெறுப்புக்கும் ஆளானார். ஆனால் அவ்விறப்பு மதமாகவில்லை. அழுக்கேறிக் கட்புலனாகாத பந்துகளை மாற்றவேண்டும் என்ற ஒழுங்கு வலுப்பெற்றது. எச்சில் பூசி எறிதல் ஒடுக்கப்பட்டு வந்தது. தலைக்கவசம் கட்டாயமாவதற்கு மட்டும் மேலும் பல தசாப்தங்கள் சென்றன. அதாவது, மனிதர் அட்டவணையை மெல்ல மெல்லத் திருத்தினர். கூவர் இச்சாத்தியத்தைத் தம் உலகிலிருந்து விலக்கிவிட்டார். அவரது வீரர்கள் முன் இரண்டே வழிகள்: நம்புதல், ஐயுறுதல். செயற்படுதல் என்ற மூன்றாவது வழி இல்லை. எனது முதல் வாசிப்பு முற்றிலும் பிழையன்று என்று மேலே கூறியது இதனை மனங்கொண்டே. நாவலின் பெண்பாத்திரமான ஹெற்றியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அவள் ஹென்றியின் வெற்றிக் களிப்புக்கு உடலாக வருகிறாள்; உடலாகவே போகிறாள். ஆயிரம் வீரர்க்கு வரலாறு எழுதியவன் அவளுக்கு ஒரு பக்கமும் ஒதுக்கவில்லை. ஹென்றியின் குருட்டுத்தனம் என்று இதனை ஆசிரியரிடமிருந்து பிரித்துவிடலாமா? யான் அதற்கு உடன்படேன்.

பிலிப் றொத்தின் 'மாபெரும் அமெரிக்க நாவல்' 1973இல் வெளிவந்தது. அதுவும் இல்லாத ஒரு லீக்கின் போட்டிப் பருவத்தைக் கூறுவது. தேசபக்த லீக் என்னும் மூன்றாவது பெரும் லீக் ஒன்று இருந்ததாகவும், அது பொதுவுடைமையாளர் ஊடுருவியதென்ற குற்றச்சாட்டின் பின்னர் மக்கள் நினைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டதாகவும் முதியோர் இல்லத்திலுள்ள விளையாட்டுச் செய்தியாளன் ஒருவன் கூறுகிறான். 1943இல் முன்டிஸ் அணியின் மைதானத்தை முதலாளிகள் யுத்தத் திணைக்களத்துக்குக் கொடுத்துவிடுகின்றனர். அணி வீடற்றதாகி, பருவம் முழுவதும் பிறர் மைதானங்களிலேயே ஆடித் திரிகிறது. உடல் வலிமையுள்ளோர் யுத்தத்துக்குச் சென்றுவிட, ஒற்றைக் கையன், ஒற்றைக் காலன், பதினான்கு வயதுச் சிறுவன் என்போரே எஞ்சுகின்றனர். இது முற்றிலும் கற்பனையன்று. சின்சினாற்றி அணிக்காக 1944இல் எறிந்த ஜோ நக்சோலுக்கு வயது 15, 1945இல் சென். லூயிஸ் பிறவுன்ஸ் அணிக்கு ஆடிய பீற் கிறேக்கு ஒரு கையே இருந்தது.

கூவர் தவிர்த்ததை றொத் நேரடியாகக் கைக்கொள்கிறார். அழித்தவர் யார் என்ற வினாவுக்கு அவரிடம் விடை உண்டு: அமெரிக்காவுக்கு ஒவ்வாத நடவடிக்கைகளை விசாரித்த காங்கிரஸ் குழு, அதற்கு அஞ்சிய முதலாளிகள், அஞ்சியும் மகிழ்ந்தும் உடன்பட்ட பத்திரிகைகள். எவரும் வெளியிட முன்வராத தன் நூலை வெளியிடுமாறு மாவோ சே துங்குக்கு அச்செய்தியாளன் கடிதம் எழுதுவதோடு நாவல் முடிகிறது. அரசியல் நேர்மையிலே றொத் ஒரு படி முன்னே நிற்கிறார் எனலாம். எனினும் நாவலாக அது கூவரினதை எட்டவில்லை. நகைச்சுவை எல்லாத் திசையிலும் அம்பெய்கிறது. ஊனமுற்றோரையும் பெண்களையும் பார்த்து அது சிரிக்கும் சிரிப்பு அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பினின்றும் வேறுபடவில்லை. எல்லாரும் கேலிக்குரியோராகும்போது குற்றவாளியும் கூட்டத்தில் மறைந்துவிடுகிறான். சரியான அரசியல் உடைய நூல் குறைவாகவும், தயங்கும் அரசியல் உடைய நூல் கூடுதலாகவும் நமக்கு அறிவூட்டும் இவ்வனுபவம் புதியதன்று. பல்ஸாக்கைப் பற்றி ஏங்கெல்ஸ் எழுதியதை அறிந்தவர் இதற்கு வியப்புறார்.

ஹென்றியைப் போல உண்மையிலேயே ஒருவர் வாழ்ந்தார் என்பதையும் இங்கு கூறவேண்டும். நாவலாசிரியர் ஜக் கேறுவக் சிறுவயதிலேயே கற்பனைப் பேஸ்போல் லீக் ஒன்றை உருவாக்கி, வளர்ந்த பின்னரும் பல ஆண்டுகள் அதனை இரகசியமாக ஆடி வந்தார். மோட்டார் வண்டிகளின் பெயர்களை அணிகளுக்கு இட்டார். ஆட்டச் செய்திகளைப் பத்திரிகைபோலத் தட்டச்சிட்டார். நியூயோர்க் பொது நூலகத்திலுள்ள அவரது தாள்களைக் கொண்டு 2009இல் இதுபற்றி ஒரு நூல் வெளியாயிற்று. கூவரின் நாவல் வெளிவந்து ஓராண்டில், 1969இல், கேறுவக் இறந்தார்.

அறைக்குள் மறைந்திருந்த இவ்வாட்டத்தை முதலாளித்துவம் நீண்டகாலம் விட்டுவைக்கவில்லை. பகடையும் அட்டையும் கொண்ட பேஸ்போல் ஆட்டங்கள் 1950களிலும் 60களிலும் கடைச்சரக்காயின. 1980இல் டானியல் ஒக்றென்றும் நண்பர்களும், உண்மை வீரர்களின் புள்ளிவிபரங்களைக் கொண்டு தத்தமக்கு அணி அமைக்கும் ஆட்டமொன்றை நியூயோர்க்கில் தொடங்கினர். நண்பர் சிலரின் பொழுதுபோக்கு பின்னர் பெருவணிகமாயிற்று. 2018இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கும் உரிமையை மாநிலங்களுக்கு வழங்கியதும், எண்களைத் தொகுப்போரும் பந்தயம் பிடிப்போரும் லீக் முதலாளிகளும் பங்காளிகளாயினர். இப்போது எல்லாரும் உரிமையாளர். எல்லாரிடமும் அணி உண்டு. எண்ணிலிருந்து மனிதனை மீட்க ஹென்றி கண்ட வழி, மனிதனை மேலும் நுண்ணிய எண்களாகப் பகுத்து விற்கும் வழியாகிவிட்டது. ஹென்றிக்குத் தன் வீரர் இறந்தால் அழத் தெரிந்திருந்தது.

பேரேடு பற்றிய ஒரு செய்தி எஞ்சியுள்ளது. அதனைக் கூவரோ றொத்தோ தம் நூல்களிலே மையப்பொருளாக்கவில்லை. கறுப்பின வீரர்கள் பெரும் லீக்குகளிலிருந்து 1947 வரை விலக்கப்பட்டிருந்தனர். 1920இல் கன்சாஸ் நகரிலே றூப் பொஸ்ரர் முதலியோர் அமைத்த நீக்ரோ தேசிய லீக்கும் அதன் பின் வந்தனவும் பல்லாயிரம் பேர் முன்னிலையில் ஆடப்பட்டவை. ஆயினும் அதிகாரபூர்வமான ஏடுகளுக்கு அவை நிகழாத ஆட்டங்கள். றொத்தின் தேசபக்த லீக்கைப் போல, ஹென்றியின் சங்கத்தைப் போல, கற்பனை லீக்குகள். ஆடியவர் இருந்தனர், பார்த்தவர் இருந்தனர், பதிவு மட்டும் ஏற்கப்படவில்லை. 2020 டிசம்பரிலே பெரும் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளையும் பெரும் லீக்குகளாக ஏற்றது. அவற்றின் புள்ளிவிபரங்கள், பழைய செய்தித்தாள்களிலிருந்து ஆய்வாளர் பலர் ஆண்டுக்கணக்கிற் தேடித் தொகுத்தவை, 2024 மே மாதத்திலே ஏட்டிற் சேர்க்கப்பட்டன. ஒரே நாளிலே வாழ்நாள் துடுப்பாட்டச் சராசரியின் முதலிடம் மாறிற்று. நெடுங்காலம் அவ்விடத்திலிருந்த ரை கொப்பின் 0.367 இரண்டாவதாயிற்று, பிடிப்பாளர் ஜோஷ் கிப்சனின் 0.372 முதலாவதாயிற்று. கிப்சன் 1947 ஜனவரி 20இல் தம் 35ஆவது வயதில் இறந்தார். ஜக்கி றொபின்சன் புறூக்ளின் அணிக்காக முதலாவது ஆட்டத்தை ஆடியது அவ்வாண்டு ஏப்ரல் 15இல்.